முகம் பார்க்க அனுமதி இல்லை

டாக்டரம்மா,

இந்த வாரம் மழை விட்டபாடில்லை. ஊருக்குள் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பியதும் பஞ்சாயத்து ஆட்கள் வந்து எங்கள் தெருச் சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போனார்கள். கடை ஷட்டரைத் தூக்கியதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. கல்யாண வீட்டுக்குக் கட்ட வேண்டிய குழாய் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முதன்முதலாக என் கடை வாசலில் வந்து நின்ற காலையிலும் தெருவெல்லாம் இதே வாடைதான்.

கொரோனா ஊரடங்கு நேரம் அது. கல்யாணம் இல்லை, அம்மன் கோயில் பொங்கல் இல்லை, எங்கள் மாதா கோயில் திருவிழாவும் இல்லை. காமயகவுண்டன்பட்டியில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு என்ன பிழைப்பு இருக்கும்? பொழுது போகாமல் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். முகக்கவசத்துக்கு மேலே மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து கிடந்தது. மாவட்டத்துச் சுகாதாரத் துறையில் பெரிய டாக்டர், தொற்றுநோயைப் பற்றியே படித்தவர் என்று கூட வந்தவர் உங்களைப் பற்றி நீட்டி முழக்கினார். அதையெல்லாம் காதிலேயே வாங்காமல், "அண்ணே, உங்க செட்டு எம்புட்டு தூரம் கேக்கும்?" என்றீர்கள்.

நான் கோபக்காரன் என்பது உங்களுக்குத்தான் தெரியுமே. எல்லாரையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று எகிறினேன். கூட வந்தவர் முறைத்தார். நீங்கள் சிரித்தீர்கள். மறுநாளே என் செட்டைக் குட்டியானை வண்டியில் கட்டி, சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டோம்.

அரசாங்கத் தாளை வாசித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை நீங்கள். தாளை வீட்டிலேயே படித்து முடித்துவிட்டு, வண்டியில் வெறுங்கையோடுதான் ஏறுவீர்கள். திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர், மருந்தடிக்கும்போது மூஞ்சியில் கட்டுகிற துண்டு போதாதா, புதிதாக எதற்கு முகக்கவசம் என்று வம்புக்கு நின்றார். "தாராளமாக் கட்டுங்க. மருந்தடிக்கைல உங்களுக்காகக் கட்டுறீக. இப்ப எதுக்க நிக்கிறவருக்காகக் கட்டுங்க" என்றீர்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை நிறுத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லப் போய், ஜீப்பில் சன்னலே இல்லாததைப் பார்த்து நீங்களே தலையில் அடித்துக்கொண்டீர்கள். அப்புறம் இரண்டு பக்கப் படுதாவையும் சுருட்டிக் கட்டச் சொன்னீர்கள். குளிருமே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கட்டினார்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சனம் நம்ப ஆரம்பித்திருந்த நேரம் அது.

அந்த நம்பிக்கையோடு மோதியது எங்கள் பக்கத்துக் கேதம்தான். சாவு விழுந்துவிட்டால் கேதம் கேட்கப் போகாதவன் மனுசனே இல்லை என்கிற ஊர் இது. வாசலில் வரிசையாக நிற்கிற ஆண்களின் கையை ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். பெண்கள் வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அப்படி அழாவிட்டால் பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அரசாங்கத் தாளிலோ, வீட்டு ஆட்கள் மட்டும் தள்ளி நின்று இறந்தவரின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம், தொடக்கூடாது என்று இருந்தது. நீங்களும் அதை அப்படியேதான் முதலில் மைக்கில் சொன்னீர்கள்.

மலையடிவாரத்தில் ஒரு கிராமம், பேர் வேண்டாம். முகம் பார்க்கலாமாம் என்ற சேதி போய், அக்கம்பக்கத்துச் சொந்தமெல்லாம் வந்து இறங்கிவிட்டது. முகத்தைத் திறந்ததும் தள்ளி நிற்பதாவது! மகள்காரி மேலே விழுந்தாள், அவளைத் தூக்க அக்காள் போனாள், அக்காளைக் கட்டிக்கொண்டு சம்பந்தக்காரி அழுதாள். அடுத்து அந்தத் தெருவிலேயே வீடு தவறாமல் காய்ச்சல். அதில் போனவர்களில் அந்த மகள்காரியும் ஒருத்தி. அவள் செத்த சேதி வந்தபோது நாம் உத்தமபாளையம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தோம். நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்கு மறுநாள்தான் என் கடையில் உட்கார்ந்து புதிதாகப் பேசிப் பதிந்தீர்கள். "இறந்தவர் முகம் பார்க்க அனுமதி இல்லை. கேதம் கேட்க யாரும் போக வேண்டாம்." அவ்வளவுதான். வண்டி ஒரு வீட்டைக் கடப்பதற்குள் முழுசாகக் காதில் விழுந்துவிடும். தாளில் பார்க்கலாம் என்றுதானே இருக்கிறது என்று கேட்டேன். "தாள்ல உள்ளதச் சொன்னா ஆளு சாகுது அண்ணே" என்றீர்கள். பள்ளத்தாக்கு முழுக்க உங்கள் குரலை ஓடவிட்டேன். கூட்டம் நின்றது. கேத வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. அதனால் எத்தனை பேர் பிழைத்தார்களோ, யார் கண்டது? பிழைத்தவனுக்கு, தான் பிழைத்ததே தெரியாது.

பவுன்தாய் விசயத்துக்கு வருகிறேன். வராமல் இந்த மடலை எழுதி முடிக்க முடியாது.

எங்கள் ஊர் கிழக்குத் தெருக்காரி. அவள் புருசன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டியவன். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன், ஆம்புலன்ஸில் சுற்றிக் கட்டிய பொட்டலமாகத் திரும்பி வந்தான். நேராகச் சுடுகாட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஊரில் ஒருத்தரும் வரவில்லை. பவுன்தாயும் அவள் தம்பியும் மட்டும் வேலியோரத்தில் நின்றார்கள். நீங்களும் நானும் வண்டியோடு ரோட்டில் நின்றோம். அவள் உங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். "அம்மா, நான் கிட்ட வரமாட்டேன். இங்கனயே நிக்கிறேன். மூஞ்சிய மட்டும் ஒருக்கா தொறந்து காட்டச் சொல்லுங்க" என்றாள்.

நீங்கள் அனுமதி இல்லை என்று சொன்னீர்கள். அவள் அழவில்லை. நீங்கள் சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான். அரசாங்கம் கூடாது என்கிறது, பெரிய டாக்டரே சொல்கிறார், அப்புறம் என்ன என்று நின்றுவிட்டாள். வண்டியில் ஏறியதும் நீங்கள், ஒருத்திக்குக் காட்டினால் நாளைக்கு ஊருக்கே காட்ட வேண்டிவரும் என்று சொன்னீர்கள். என்னிடம் சொன்னீர்களா, உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்களா, தெரியவில்லை.

கொரோனா ஒழிந்து ஊர் திறந்தது. எனக்கும் கல்யாணம், திருவிழா என்று ஓட்டம் பிடித்தது. பவுன்தாய் மட்டும் தாலியைக் கழற்றவில்லை. விடிந்ததும் ஜீப்புகள் ஆள் ஏற்றுகிற இடத்துக்குப் போய் நிற்பாள். ஒவ்வொரு ஜீப்பிலும் டிரைவர் சீட்டை எட்டிப் பார்ப்பாள். எரிந்தது தன் புருசன்தான் என்று யார் பார்த்தது என்று கேட்பாள். அவர்தான், அவர்தான் என்று அண்ணன் தம்பி, பங்காளி, வார்டு மெம்பர் எல்லாரும் சத்தியம் பண்ணிப் பார்த்தார்கள். ஒருத்தனும் பார்த்தவன் இல்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் அவளை ஒதுக்கிவைத்துவிட்டது.

இது எப்படியோ உங்கள் காதுக்கும் வந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிற நேரம், ஒருநாள் கடைக்கு வந்து, பவுன்தாய் வீட்டுக்குக் கூட வர முடியுமா என்று கேட்டீர்கள். அன்றைக்கு முகத்தைக் காட்டியிருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை, தடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம்! ஆறாத புண்ணில் எதற்கு விரலை விடுகிறீர்கள், உங்கள் மனசு லேசாவதற்கு அவள்தானா கிடைத்தாள் என்று கத்தினேன். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாரீகளா இல்லையா?" என்றீர்கள். திட்டிக்கொண்டே வந்தேன்.

அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, ஒன்றைக்கூட மறைக்காமல் சொன்னீர்கள். தாளில் என்ன இருந்தது, அந்த மலையடிவாரக் கிராமத்தில் என்ன நடந்தது, எதற்காக அந்தப் பேச்சைச் சுருக்கினீர்கள் எல்லாம். சுளகு அவள் கையிலேயே நின்றது. வைவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவள் கேட்டது வேறு.

"நீங்களாவது பாத்தீகளா அம்மா? அவுகதானா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட மாட்டீர்களா என்று உங்கள் வாயையே பார்த்தேன். நீங்கள் சொன்னால் நம்பிவிடுவாள். ஜீப்புகளைப் போய்ப் பார்க்கிறது நிற்கும். தாலியைக் கழற்றி, அழுது தீர்த்து, மிச்ச வாழ்க்கையைப் பார்ப்பாள். யாருக்கு என்ன நட்டம்?

"இல்லம்மா. நான் பாக்கல" என்றீர்கள்.

அவள் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைக்கூட ஓங்கிச் சாத்தவில்லை.

திரும்பும் வழியில் உங்களை நான் என்னென்ன பேசினேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. படித்தவர்களுக்கு ஈரமே கிடையாது என்றேன். ஊரையே காப்பாற்ற ஒரு பொய் சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு பொம்பளையைக் காப்பாற்ற ஒரு பொய் வரவில்லையா என்றேன். நீங்கள் சன்னல் பக்கம் திரும்பியே இருந்தீர்கள். ஊர் முக்கு வந்ததும், "நல்லதுக்குன்னு ஒரு தடவ சொன்னேன் அண்ணே. அது அவ வாசல்ல வந்து நிக்குது. இன்னொரு தடவ நல்லதுக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றீர்கள். எனக்கு அது அப்போது ஏறவில்லை. வெகுநாள் உங்களோடு நான் பேசவும் இல்லை.

போன மாதம் சீக்கு முற்றி, பெரியகுளத்து வீட்டிலேயே போய்விட்டீர்கள். சேதி கேட்டுக் கிளம்பி வந்தேன். வாசலில் வரிசையாகக் கை நீட்டி நின்றவர்களைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். நல்ல கூட்டம். பக்கத்தில் நின்று நெடுநேரம் உங்கள் முகத்தைப் பார்த்தேன். யாரும் தள்ளிப் போ என்று சொல்லவில்லை.

ஊருக்கு வந்து ஒரு வாரம் போயிருக்கும். பவுன்தாய் கடைக்கு வந்தாள். அத்தனை வருசத்தில் என் கடைப் படியை அவள் மிதித்ததே இல்லை. டாக்டரம்மா செத்துப்போனது நிசமா என்றாள். ஆமாம் என்றேன்.

"எனக்கு ஏண்ணே சொல்லல? நானும் வந்து மூஞ்சியப் பாத்திருப்பேனே."

நீ எதற்கு அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன், என் புத்தி அவ்வளவுதான். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாரும் அவுகதான், அவுகதான்னு சொன்னாக. பாக்காமலே சொன்னாக. என்னையக் கிறுக்கச்சின்னு நெனச்சு, சமாதானத்துக்குச் சொன்னாக. அந்தம்மாதாண்ணே பாக்கலன்னு உள்ளதச் சொன்னாக. என்னைய மனுசியா மதிச்சு எங்கிட்டப் பேசுனது அவுக ஒருத்தருதான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. "நீங்க பாத்தீகளா? எப்படி இருந்தாக?" என்றாள்.

தூங்குகிற மாதிரி இருந்தார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது டாக்டரம்மா. கேத வீட்டிலிருந்து வருகிறவன் எல்லாரும் சொல்வது அதைத்தானே. நான் சொல்லவில்லை. நோவு தின்ற முகம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள், வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது, தூங்குகிற மாதிரி இல்லை என்று பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பவுன்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, வாய்விட்டு அழுதாள்.