மிளகாய்க் களத்தில் போட்ட கணக்கு

இன்று மத்தியானம் அரைக்கக் கொடுப்பதற்காக மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே விரல்கள் எரியத் தொடங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்து என் மகள் தூங்கி எழுந்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் புரியவில்லை, அழுதாள். எண்ணெய் தடவிச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும், அவள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்துகொண்டேதான் தூக்கினேன். இப்போது ராத்திரி, அவள் தூங்கிவிட்டாள். எரிச்சல் போகவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதுகுளத்தூர்ப் பக்கம் பிளஸ் டூ பரீட்சையும் மிளகாய்ப் பழம் எடுப்பும் ஒன்றாகத்தான் வரும். காலையில் பழம் பறித்த கையோடுதான் நாம் பேனா பிடித்தோம். மத்தியானம் உங்கள் களத்தில் காவல். ஆடும் கோழியும் பழத்தை மிதிக்காமல் ஒருத்தி பார்த்துக்கொள்ள, மற்றவள் கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் சைன் வளைவரை போடுவாள். எனக்குக் கடைசிவரை பிடிபடாமல் கிடந்தது சார்புகள்தான். அதிலும் நேர்மாறு என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

எனக்கு அது ஒரு பரீட்சை. உனக்கு அப்படி இல்லை. "கணக்குல எண்பது எடு, ராமநாதபுரம் காலேஜுக்கு அனுப்புறேன். எடுக்கலையா, வைகாசியில மாமனுக்குக் கட்டி வச்சிருவேன்" என்று உங்கள் அய்யா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். உனக்கு மாமன் மேல் கோபமெல்லாம் இல்லை. "நல்ல மனுசன்தான்டி. ஆனா எனக்கு அவரைவிடக் கணக்கைப் பிடிச்சிருக்கு" என்றாய்.

பரீட்சைக்கு முந்தின நாள் நான் புத்தகத்தை மூடி வைத்து அழுதேன். நீ களத்தோரம் மேய்ந்த ஆடுகளைக் காட்டினாய்.

"அங்கன பாரு. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தாய்தான். ரெண்டு தாய் இருக்க ஏலாது. அம்புட்டுத்தான் சார்பு."

"ஒரு தாய்க்கு ரெண்டு குட்டி இருக்கே?"

"இருக்கட்டும். ஆனா தாயைப் பிடிச்சு, உன் குட்டி எதுன்னு கேட்டா எதைக் காட்டும்? அதான் நேர்மாறு இல்லைங்கிறாங்க. சைனும் அப்படித்தான். ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்த குட்டியை விரட்டிவிட்டா நேர்மாறு வந்துரும்."

"பாவம்டி."

"கணக்குல பாவம் பார்த்தா மார்க் வராது."

சிரித்துக்கொண்டே நான் கேட்டேன், குட்டியே இல்லாத தாய்? "அது மந்தையில நிக்கும். ஆனா குட்டி உள்ள தாய்ங்க மட்டுந்தான் வீச்சகம், அதுல வராது" என்றாய். உங்கள் அம்மாவை எங்கே பார்த்தாலும் எனக்கு அது ஞாபகம் வந்துவிடுகிறது. வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

பரீட்சை முடிந்து பஸ்ஸில் வரும்போது நீ "வந்துரும்டி" என்று மட்டும் சொன்னாய். மார்க்கைச் சொன்னாயா, காலேஜைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் திடீரென்று கோடை மழை இறங்கியது. களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. நீயும் உங்கள் அய்யாவும் தார்ப்பாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்களாம். நான் வீட்டில் கொடித்துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இந்தப் பக்கம் எப்போதும் விழுகிற இடிதானே என்று துணியை மடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அய்யா பிழைத்துக்கொண்டார். பாயின் மறுமுனையில் நீ இல்லை.

ரிசல்ட் வந்த அன்று அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் போன். பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்த நம்பர் அவருடையது.

"ஆத்தா, இதுல என்னமோ வந்துருக்கு. படிச்சுச் சொல்லு."

எங்கள் அம்மா என்னை உள்ளே இழுத்து, "பத்தலைன்னு சொல்லிரு. அந்த மனுசன் கொஞ்சமாச்சும் ஆறட்டும்" என்று காதுக்குள் சொன்னாள். சொல்லியிருக்கலாம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நீ வாங்கியதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கணக்குல எண்பத்து நாலு, அய்யா."

அவர் போனை வாங்கித் துண்டால் துடைத்தார். சட்டைப் பையில் வைத்தார். திரும்பிப் போனவர் படியில் நின்று கேட்டார்.

"காலேஜுல அப்ளிகேசன் பாரம் எப்பக் குடுக்குறாங்க?"

"அடுத்த வாரம், அய்யா."

"சரி. அனுப்பிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அனுப்பித்தான் அந்தக் காலேஜில் நான் கணக்குப் படித்தேன். படித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்தச் "சரி" மறக்கவில்லை. இன்று ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் மகளிடம், "அ, ஆ ஒழுங்கா எழுதினா ஞாயித்துக்கிழமை பாம்பன் பாலம் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"எழுதினாலும் போறோம், எழுதாட்டியும் போறோம்" என்றேன்.

"இப்பவே இம்புட்டுச் செல்லமா?" என்று அவர் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மேகம் இருந்தால் திங்கட்கிழமை.