வெள்ளிக்கிழமைக் கரிக்கோடுகள்

அக்கா,

குளியலறையில் ஹீட்டர் மாட்ட இன்று காலை ஆள் வந்திருந்தார். உங்கள் மகன் அனுப்பியதுதான். இந்த வயதிலும் சித்தி பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாளே என்று பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. வந்தவருக்குக் காபி கொடுத்து, "ஹீட்டரைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க" என்று அனுப்பிவிட்டேன். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து உங்கள் பழைய காலண்டரை மடியில் விரித்தேன். அடுப்புக்கரியால் நீங்கள் கிழித்த கோடுகள் மங்கியிருக்கின்றன, அழியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த வீட்டில் நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக் குளிரில் வளர்ந்தவளை வாளையாருக்குத் தெற்கே, நிலக்கடலைக் காட்டு வெயிலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். முதல் வருஷம் இடது கண் மங்கியது. கண் டாக்டர் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை என்றார். ஒரு மாதத்தில் பார்வை தானே திரும்பியது. அடுத்த வருஷம் கால் மரத்தது. கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நடப்பது போலிருக்கும். நரம்புத் தளர்ச்சி என்று ஊர் டாக்டர் சத்து ஊசி போட்டார். அம்மா வீட்டுக்குப் போனால் பாதிக்கு மேல் சரியாகிவிடும், திரும்பி வந்தால் மறுபடியும் தொடங்கும். போதாதா உங்களுக்கு?

"அங்க போனா மான் மாதிரி ஓடறா, இங்க வந்தா மட்டும் காலு வராதாமா?" என்று என் காதில் விழும்படியே சொல்வீர்கள்.

உங்களைக் குறை சொல்ல முடியாது. நான் படுத்தால் என் வேலையும் உங்கள் தலையில்தான் விழும். அதிலும் வெள்ளிக்கிழமை சாணி போட்டு வீட்டை மெழுகி வழிக்கும் நாள். சொல்லிவைத்தது போல் அன்றைக்குத்தான் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்ததும் எனக்குக் கண் இருட்டும், கால் துவளும். வெள்ளிக்கிழமை ஆனதால் அம்மன் வந்து இறங்குகிறாள் என்று அத்தை வேப்பிலை கட்டினார். நடிப்பு என்றீர்கள் நீங்கள்.

அத்தை ஒருநாள் முடிவாகவே சொல்லிவிட்டார்: "தை பொறக்கறதுக்குள்ள தேறலீன்னா பொறந்த ஊட்டுலயே கொண்டுபோயி உட்டுரலாம்." அப்படிப் போனவள் திரும்பி வந்ததில்லை, அந்த இடத்துக்கு வேறொருத்தி வருவாள். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை மன்னிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

அன்று முதல்தான் காலண்டரில் கோடு போட ஆரம்பித்தீர்கள். நான் விழுந்த நாளெல்லாம் ஒரு கோடு. என் கள்ளத்தனத்தைச் சபையில் நிரூபிப்பதற்காகத்தான். கோடுகள் வெள்ளிக்கிழமை வரிசையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கின. இடையிடையே செவ்வாயிலும் ஒன்றிரண்டு.

ஐப்பசி அடைமழையில் விறகெல்லாம் நனைந்து வெந்நீர் அடுப்பு பற்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நடுங்கிக்கொண்டே பச்சைத் தண்ணீரில் குளித்தேன். வீடு முழுக்க நானே வழித்தேன். கரித்துண்டை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை என் பின்னாலேயே சுற்றினீர்கள். கடைசியில் கோடு போட வழியில்லாமல் நின்ற உங்கள் முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆனால் அதோடு விடுகிற ஆளா நீங்கள்! செவ்வாய்க்கிழமை காய்ந்த விறகைத் தேடிப் பிடித்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய்ச்சி, என்னை உட்காரவைத்து நீங்களே வார்த்தீர்கள். நாலாவது சொம்பில் எனக்கு உங்கள் முகம் தெரியவில்லை. எழுந்திருக்க முயன்று கல்லின் மேல் சரிந்தேன். சொம்பைப் போட்டுவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தீர்கள்.

"அம்மிணி, இது நடிப்பில்லடி. சுடுதண்ணி பட்டாத்தான் உனக்கு இப்புடி ஆவுது" என்றீர்கள்.

மறுநாளே காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏற்றினீர்கள். வாளையார் செக்போஸ்டில் லாரி வரிசைக்குப் பின்னால் உச்சிவெயிலில் நின்றோம். என் கண் இருட்டியதும் தூக்குப்போசித் தண்ணீரை என் பிடரியில் கவிழ்த்தீர்கள். வேடிக்கை பார்த்த கண்டக்டரிடம், "பாத்ததெல்லாம் போதும், காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க" என்றீர்கள்.

பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் காலண்டரை வெகுநேரம் பார்த்தார். "சுடுதண்ணித் தொட்டியில உக்கார வெச்சு நாங்க பண்ற சோதனைங்க இது. நீங்க ஊட்டுலயே பண்ணிப்போட்டீங்களே" என்று உங்களைக் கும்பிடாத குறையாகச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "தலையக் குனிஞ்சா முதுகுல கரண்ட் ஓடற மாதிரி இருக்குமாம்மா?"

பொங்கி அழுதுவிட்டேன். பைத்தியம் என்பார்களே என்று யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்தது அது.

"இதை ஏன்டி எங்கிட்டச் சொல்லலே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாக்கா?"

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டீர்கள்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பத்து நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சொன்னார்கள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே அரித்துப்போகும், நோய் வரும், தணியும், மறுபடி வரும், முழுக்கத் தீர்க்க மருந்தில்லை, சூடு மட்டும் ஆகாது என்று டாக்டர் விளக்கினார். "வாய்க்காக் கரை அங்கங்க ஒடஞ்சு, தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேர மாட்டீங்குது. அதானுங்களே?" என்றீர்கள். அதேதான் என்றார் டாக்டர்.

தீராத நோய் என்று சொன்ன நாளில் எனக்கு வந்ததோ சந்தோஷம். நான் பொய் சொல்லவில்லை! உலகத்தில் வேறு பெண்களுக்கும் இது வந்திருக்கிறது, அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்குள் நுழைந்ததும், சோற்று வேளை என்றும் பாராமல், அத்தை, மாமா, உங்கள் கொழுந்தனார் என்று எல்லோரையும் உட்காரவைத்துக் காலண்டரை நடுவில் விரித்தீர்கள். "இவ நோவுக்குப் பேரிருக்குது. சாமியுமில்ல, நடிப்புமில்ல. நடிக்கறான்னு மொதல்ல சொன்னவ நானு. அது தப்பு. இனி யாராச்சும் இவளப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பறதுன்னா என்னையுஞ் சேத்து அனுப்புங்க." உங்கள் கொழுந்தனார், என் வீட்டுக்காரர்தான், அன்றைக்கு முதல்முறையாகத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

பிறகு என்னிடம், "அடுப்பு எனக்கு, அரிவாமணை உனக்கு" என்று வேலையைப் பிரித்தீர்கள். தை பிறந்தது, பொங்கல் பானையை நீங்கள் ஏற்றினீர்கள், நிழலில் உட்கார்ந்து நான் கரும்பு நறுக்கினேன். அப்புறம் எத்தனையோ முறை நோய் வந்து போயிற்று. வலது கால் இழுக்கிறது, கைத்தடி துணையிருக்கிறது. என்னை அந்த வீட்டிலிருந்து அசைக்க மட்டும் எதனாலும் முடியவில்லை. நோயில்லாத நீங்கள் முந்திக்கொண்டு போய்விட்டீர்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

இன்று வெள்ளிக்கிழமை. பச்சைத் தண்ணீரில் தலைக்கு வார்த்துக்கொண்டு, என் காலால் நடந்து வந்துதான் இதை எழுதுகிறேன். கரித்துண்டைக் கீழே வையுங்கள் அக்கா.