ஹோல்டான்

11 ஜூன் 2006, ஞாயிறு

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம். இரண்டும் நிலவன் போட்டது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு உப்பளம் மைதானத்தை ஒரு சுற்று வந்தார்கள். நான் கோல் கம்பத்தோரம் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். குடிக்க வைத்திருந்த என் தண்ணீர் பாட்டிலையும் எவனோ எடுத்துப் போய் அவன் தலையில் ஊற்றிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கார்குழலி கேட்டாள். "இன்னிக்கி எத்தினி போட்ட?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதே கேள்வி.

"நான் நடுவுல ஆடுறவன். கோல் போடறது என் வேல இல்ல."

"அப்ப நடுவுல நின்னுக்கினு இன்னாதான் பண்ற?"

கிண்டல் இல்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே நிஜமாகத்தான் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதுதான் எரிச்சல்.

12 ஜூன்

அவளிடம் எனக்குச் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நேற்றைய முதல் கோல். பந்து அன்பழகன் காலில். எங்கள் இடது பக்க பேக், தடுத்து ஆடுகிறவன். இரண்டு பேர் அவன் மேல் பாய்ந்து வருகிறார்கள். பயந்து கண்ணை மூடிக்கொண்டு உதைக்கப் போகிறான், அவன் முகத்திலேயே தெரிகிறது. "ஹோல்டான்!" என்று கத்தினேன். நின்றான். வந்த இருவரும் வேகம் தாங்காமல் அவனைக் கடந்து போனார்கள். "ரைட்!" என்றேன். எனக்குத் தட்டினான், நான் வலது பக்கம் திருப்பினேன், அங்கிருந்து இன்னொருவன், அப்புறம் நிலவன். கோல்.

நிலவன் தொட்டது ஒரே தொடல். எல்லோர் கண்ணிலும் பட்டது அது மட்டும்.

காலாப்பட்டு போகிற தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். பஸ்ஸில் கத்துவதுதான் மைதானத்திலும் வாயில் வருகிறது. ஹோல்டான் என்றால் உதைக்காதே, பந்தை நிறுத்து. ரைட் என்றால் விடு, ஓடு. "முன்னாடி எடம் காலியா கெடக்கு, ஏறிப் போ" என்றால் பின்னால் நிற்கிறவர்கள் மேலே வரணும். எங்கள் 'அலை நண்பர்கள்' அணியில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. பழைய கேப்டன் துபாய்க்குப் போனதிலிருந்து வண்டி இப்படித்தான் ஓடுகிறது. கேப்டன் என்று யாருக்கும் பெயர் இல்லை, வேலையை நான் பார்க்கிறேன்.

இதை எப்படி ஒரு வரியில் சொல்வது? "கத்தினேன்" என்றா?

18 ஜூன், ஞாயிறு

ஆகஸ்ட் பதினைந்து கோப்பைக்குக் கேப்டன் வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். காலையிலேயே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கிளப் தலைவர் தெய்வசிகாமணி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற சொல்தா. ஊரே பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். பந்தும் ஜெர்சியும் அவர் தயவு. எழுந்து நின்று, "இனிமே நம்ம கபித்தேன் நிலவன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்து கேட்டேன். "முசே, இத்தினி வருஷமா நான்..."

"இன்னா கண்ணையா, சின்னப் பசங்களோட போட்டி போடற? கோல் போடறவன் கையில பட்டை இருந்தாத்தான்டா ஜனம் வரும்."

பட்டை. கேப்டன் கையில் மாட்டுகிற ஒரு முழம் எலாஸ்டிக் துணி. அதுக்குத்தான் இப்படி வயிறு எரியுதா? ஆமா, எரியுது.

19 ஜூன்

விசில் கொடுக்க மறந்து ஸ்டாப்பிங் தாண்டிப் போய்விட்டோம். பிள்ளைச்சாவடியில் இறங்கவேண்டிய மீன்காரம்மா கூடையோடு நின்று என் வம்சத்தையே திட்டித் தீர்த்தாள். இன்றைக்கு என்னை ஒழுங்காகக் கவனித்தது அவள் ஒருத்திதான்.

25 ஜூன், ஞாயிறு

பயிற்சிக்கு முசே தன் பிரான்சு நண்பர்கள் இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். நான் "ஏறிப் போ, ஏறிப் போ" என்று கத்தியதும் அவர்கள் என்னவென்று கேட்க, இவர் விளக்க, மூன்று பேரும் சிரித்தார்கள்.

"கண்ணையா! இது இன்னா பஸ் ஸ்டாண்டா? பாஸ், சென்டர்னு அழகா சொல்லக் கூடாதா?"

சரி, அவர் பேசுவார். அவர் காசு. ஆனால் நிலவன் பக்கத்தில் வந்தான். "ண்ணா, தப்பா நெனைக்காத. காதுக்குள்ளயே கத்தற மாரி இருக்குது. கொஞ்சம் கம்மி பண்ணிக்கயேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. திமிராகப் பேசியிருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

ஏன்டா, அந்தக் கத்தல்லதான உன் காலுக்குப் பந்து வருது? யாரு கிட்ட போயி சொல்றது இத?

6 ஜூலை

பிரான்ஸ் உலகக் கோப்பை பைனலுக்குப் போய்விட்டது. முசே தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எனக்கும் ஒன்று. அந்த அணிக்குக் கேப்டன் யார்? நடுவில் ஆடுகிறவன். அங்கே என்றால் கைதட்டுவார், இங்கே என்றால் பஸ் ஸ்டாண்டு.

மிட்டாயைத் தின்றுவிட்டேன்.

10 ஜூலை

பிரான்ஸ் தோற்றுவிட்டது. முசே வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது. எனக்குச் சந்தோஷம் என்று எழுத வந்தேன். இல்லை.

16 ஜூலை, ஞாயிறு

முத்தியால்பேட்டை அணிக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஆகஸ்ட் கோப்பைக்கு அவர்களோடு ஆடணுமாம். கேப்டனாக. கார்குழலி டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளர் காலியாவதற்குள் சரி என்றுவிட்டேன்.

20 ஜூலை

அன்பழகன் பஸ் ஏறினான். அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைச்சாவடி வந்ததும் சொன்னான்.

"போவாதண்ணா."

"ஏன்?"

"எனக்குப் பின்னாடி பாக்க வராது. நீ சொன்னாத்தான் ஆளு வர்றதே தெரியும்."

இதை அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? அங்கே கையைத் தட்டிவிட்டு இங்கே வந்து சொல்கிறான். "டிக்கெட் எடுத்தியா?" என்று கேட்டேன். முகம் தொங்கிப்போய் இறங்கினான்.

தப்புதான். ஆனால் எனக்கும் ஆத்திரம் இருக்காதா?

30 ஜூலை, ஞாயிறு

புது அணியோடு பயிற்சி. இடது கையில் பட்டை. என் கை ஒல்லி, நழுவிக்கொண்டே இருந்தது. கார்குழலி ஊசி நூல் எடுத்துச் சுருக்கித் தந்தாள்.

"ஹோல்டான்!" என்றேன். பந்தை வைத்திருந்தவன் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஏறிப் போ" என்றேன். "எங்க?" என்றான் இன்னொருவன்.

நல்ல பையன்கள். மரியாதை தருகிறார்கள். கேப்டன் என்றே கூப்பிடுகிறார்கள். நான் பேசுவதுதான் ஒருத்தனுக்கும் விளங்கவில்லை.

6 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் ஆட்டம், ஜெயித்தோம். வாயைத் திறக்காமல் கையைக் காட்டியே ஆடினேன். தொண்டை கட்டவில்லை. என்னவோ ஆட்டமே ஆடாத மாதிரி இருக்கிறது.

8 ஆகஸ்ட்

அரையிறுதியில் எங்களுக்கு எதிராக அலை நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை. தோற்கடித்தே ஆகணும். முசே முன்னால், பட்டையோடு, தோற்கடிக்கணும்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

உப்பளம் மைதானம் நிறைந்திருந்தது. நானும் நிலவனும் கேப்டன்களாகக் கை குலுக்கினோம். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு குரல். "முன்னாடி எடம் காலியா கெடக்கு, ஏறிப் போ!" நான் கத்தவில்லை. அன்பழகன். பின்னால் பார்க்க வராது என்றவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் ராகத்திலேயே கத்துகிறான். அந்தக் கோடியில் இன்னொருவன், "ரைட்! ரைட்!" அவர்கள் கோல் கீப்பர்கூட. முசே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பஸ் ஸ்டாண்டா என்று யாரையும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என் அணியின் பத்துப் பேரும் ஊமையாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரம். பந்து நிலவனுக்குக் கிடைத்துவிட்டது. எதிரே எங்கள் பேக் ஒருவன், அப்புறம் கீப்பர். நான் அவன் முதுகுக்குப் பின்னால் ஓடி வருகிறேன். அவன் தலை குனிந்தது, வலது தோள் முன்னால் வந்தது. எனக்குத் தெரியும், இப்படி அவசரப்பட்டு அடித்தால் பந்து கம்பத்துக்கு மேலே போகும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். போகட்டும், எனக்கென்ன, நல்லதுதானே.

"ஹோல்டான்!"

யார் கத்தியது? நான்தான்.

அவன் நின்றான். எங்கள் பேக் புழுதியில் சறுக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனான். நிலவன் பந்தை மெதுவாகத் தள்ளி, கீப்பருக்குப் பக்கத்தில் உருட்டிவிட்டான். கோல்.

என் ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். "நீ யார் டீமு கேப்டன்யா?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பட்டையைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டேன்.

நிலவனைத் தூக்க வந்தார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். "ண்ணா, உன் கொரலு கேட்டதும் காலு தானா நின்னுடுச்சிண்ணா. நான் ஒண்ணும் பண்ணல." மூச்சு வாங்கியது அவனுக்கு. இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போதும் தோள் மேலிருந்து என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

குருசுக்குப்பத்தில் இருக்கிற வீடு வரை நடந்தே வந்தேன். தட்டில் சோற்றைப் போட்டபடி கார்குழலி கேட்டாள். "இன்னிக்கி எத்தினி போட்ட?"

"ஒண்ணு" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. பிறகு சட்டியில் துழாவி வஞ்சிரத் துண்டில் பெரிதாக ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள். யாருக்குப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை.