வெளி மாணவர்களுக்கு ஐந்து இடங்கள்

ஜூன் 14

என் அருமை வாலுவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சித்தி தன் தையல் அறையில் எனக்கு ஒரு மடக்குக் கட்டில் போட்டிருக்கிறாள். காலை நீட்டினால் மிஷின் மிதிபலகை உதைபட்டு, தானாக நாலு தையல் ஓடுகிறது. இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை என்று சித்தி சொன்னது சாக்குப்போக்கு இல்லை. அம்மாவிடம் சொல்லிவிடு, பாவம், மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் பெரியது. நுழைந்ததும் கண்ணாடி போட்ட பலகை ஒன்றில் கடைசி வகுப்பின் உயர்நிலைப் பாடங்கள் என்று ஒன்பது எழுதியிருக்கிறார்கள். ஒன்பது! நம் பள்ளியில் அலுவலக நிர்வாகம் ஒன்றுதான். அதற்கும் தட்டச்சு மிஷின் மூன்று, அதில் ஒன்று எப்போதும் பழுது. பலகை முன்னால் நின்றபோது உன்னைத்தான் நினைத்தேன். உயர்நிலைக் கணிதத்தில் என் பெயரை எழுதியபோது யாரோ ஒருவருடைய நாற்காலியில் உட்காருவது போல இருந்தது.

மூத்தவள்தான் முதலில் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். காய்ச்சலில் ஒரு வருடம் போய், தங்கை வகுப்பிலேயே வந்து உட்கார்ந்த மூத்தவள். சிரிக்காதே.

சொன்னபடி கார்பன் வைத்துக் குறிப்பு எடுத்து அனுப்புகிறேன். முதல் வாரத்துக் குறிப்பு இதோடு இருக்கிறது. நீ வீட்டிலிருந்தே படி. தேர்வை இருவரும் சேர்ந்து எழுதுவோம்.

உன் அக்கா

*

ஜூன் 25

அன்புள்ள அக்கா,

குறிப்பு வந்தது. நான்கு தாளும் வெள்ளை வெளேர் என்று இருக்கின்றன. உயர்நிலைக் கணிதம் இவ்வளவு சுலபம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! கார்பனைத் தலைகீழாக வைத்துவிட்டாய், மக்கு. மைப்பக்கம் கீழே இருக்க வேண்டும். உன் தாளைத் திருப்பிப் பார், பின்பக்கம் முழுக்க இடம் வலம் மாறிக் கிடக்கும். அப்பா சிரித்து, பிறகு, "அவளுக்குப் புது ஊரு, பதட்டமா இருக்கும்டி" என்று உனக்கு வக்காலத்தும் வாங்கினார்.

நேற்று தலைமையாசிரியை அறை வாசலில் கால் மணி நேரம் நின்றேன்.

"என்னடி, கதவுக்கு முட்டுக் கொடுக்கறியா?"

"மிஸ், உயர்நிலைக் கணக்கு இந்த வருஷமாவது..."

"நீ ஒருத்தி படிக்க நான் வாத்தியாரை எங்கேர்ந்து கொண்டுவர்றது? பன்னெண்டு பேராவது இருந்தாத்தான் மேலிடத்துல வாயைத் திறக்க முடியும்."

நான் அங்கேயே நின்றேன். உனக்குத் தெரியுமே, எனக்குப் பேச வராது, நகரவும் வராது. கடைசியில் அவரே இறங்கி வந்தார். "பாடம் நடத்தற பள்ளிக்கூடம் ஏதாவது உன் பேரைச் சேர்த்துக்கிட்டா, வெளி மாணவியா பரீட்சை எழுதலாம். உங்கக்கா அங்கதானே இருக்கா? எப்ப பேர் எடுக்கறாங்கன்னு கேட்டு எழுதச் சொல்லு. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ஆக, என் தலைவிதி உன் கையில்! தினமும் பலகையைப் பார். பள்ளி முடிந்ததும் என்னையும் தான் வேலை பார்க்கும் அச்சகத்தில் சேர்ப்பதாக அப்பா முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பொறியியலில் இடம் கிடைத்தால் மட்டும் அந்த வாக்கை மாற்றிக்கொள்வாராம். உயர்நிலைக் கணிதம் எழுதாமல் பொறியியலுக்கு விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். இந்த ஒரு வருடம்தான் அக்கா.

அம்மா கேட்கச் சொன்னாள்: "சாப்பிடறாளா, இல்ல படிச்சுப் படிச்சு ஓடாத் தேயறாளா?"

உன் வாலு

*

ஜூலை 19

என் அருமை வாலுவுக்கு,

நீ போட்டு அனுப்பிய பதினொரு கணக்கும் கிடைத்தன. என்ன சொல்ல! எனக்கு வகுப்பில் முக்கால்வாசி புரிவதில்லை. பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் இரண்டு வருடம் முன்பே இதற்கான அடிப்படையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நம் பள்ளியில் அந்தப் பக்கங்களைத் "தேவையில்லை" என்று தாண்டினோமே, அவைதான் இங்கே தினமும் வேண்டியிருக்கின்றன. ஆசிரியர், "உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு மேலே போகிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. நீ போட்ட கணக்குகளைப் பார்த்து எழுதித்தான் வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஆசிரியர் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "முடிவிலேர்ந்து மேல வந்து யோசிச்சிருக்கா பாருங்க. இத உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"நானாவே சார்" என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நம் பள்ளியில் பத்து வருடத்தில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

பெயர் எடுப்பது பற்றி இன்னும் அறிவிப்பு வரவில்லை. தினமும் பார்க்கிறேன்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

"நானாவே சார்" என்றாயா! திருடி. எனக்கு வர வேண்டிய பெயரை நீ வாங்கிக்கொண்டாய், எனக்கு ஒரு பேனாவாவது வாங்கிக் கொடு. நிஜமாகவே எனக்குக் கோபமில்லை. நான் போட்ட கணக்கை முப்பத்தெட்டுப் பேர் பார்த்தார்கள் என்று நினைத்து இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

மத்தியானத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் அச்சகத்திலேயே உட்கார்ந்து படிக்கிறேன். தாள் வெட்டும் மேசையின் ஓரம் எனக்கு. வெட்டி விழுகிற விளிம்புத் தாள்கள் நீளமாக, விரல் நான்கு அகலத்தில் இருக்கும். அவற்றில்தான் கணக்குப் போடுகிறேன். ஒரு கணக்குக்கு ஒரு துண்டு. பிழை திருத்துகிற பெரியவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பஸ் டிக்கெட்டுல பரீட்சை எழுதறியா?" என்கிறார். பைண்டிங் அக்காக்கள் என்னை "இஞ்சினியரு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி காதில் விழுந்தால் அப்பா பாடு திண்டாட்டம்.

வகைக்கெழுப் பாடத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டாய். விடை வராமல் இரண்டு நாள் என்னையே மண்டு என்று திட்டிக்கொண்டேன். இனிமேல் எழுதியதும் ஒரு முறை சரிபார்.

அறிவிப்பு வந்துவிட்டதா? ஆகஸ்ட்டில் வரும் என்று தலைமையாசிரியை சொல்கிறார். கையெழுத்துப் போட்ட கடிதம் தயாராக என் புத்தகத்துக்குள் இருக்கிறது. தேதியும், யார் பெயருக்கு அனுப்புவது என்பதும் தெரிந்தால் போதும்.

உன் வாலு (இஞ்சினியர்)

*

ஆகஸ்ட் 16

என் அருமை வாலுவுக்கு,

இரண்டு பாடக் குறிப்புகள் இதோடு. இந்த முறை ஒவ்வொரு குறியையும் சரிபார்த்தேன்.

இங்கே ஓயாத மழை. சித்தி தைக்க வாங்கிய துணியெல்லாம் என் கட்டில்மேல்தான். நான் துணிக்கடையில் தூங்குகிறேன் என்று வைத்துக்கொள். சித்தப்பா என் மதிப்பெண்ணை அலுவலகம் முழுவதும் சொல்லிவிட்டார். நேற்று ஒருவர் வீட்டுக்கே வந்து, தன் மகனுக்குக் கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தலைவலி என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்கு இன்னும் ஒன்றும் போடவில்லை. போட்டால் சொல்ல மாட்டேனா? அவசரப்படாதே. நான்காம் பாடத்துப் பயிற்சியைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பு, வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

உன் அக்கா

*

அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

செப்டம்பரில் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் குறிப்பு மட்டும் வந்தது, பதில் வரவில்லை. அறிவிப்பு தாமதமாகிறதே என்று தலைமையாசிரியை நேற்று தானே உன் பள்ளிக்கு ஃபோன் செய்தார். என்னைப் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டார்.

வெளி மாணவர்களுக்கு ஐந்து இடங்களாம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பலகையில் போட்டார்களாம். முப்பத்தொன்றாம் தேதி முடிந்துவிட்டதாம். வந்தது இரண்டே பேராம். மூன்று இடம் காலியாகவே போயிற்றாம். இனி சேர்க்க முடியுமா என்று அவர் கெஞ்சிக்கூடப் பார்த்தார். பட்டியல் தேர்வு அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

ஃபோனை வைத்துவிட்டு அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

நீ கவனிக்காமல் விட்டிருப்பாய் என்று அப்பா சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உனக்கு அங்கே எவ்வளவு பாடம். காய்ச்சல் ஏதாவது வந்ததா? ஆகஸ்ட்டில் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தாயா? அப்படி இருந்தால் சொல். அப்படித்தான் இருந்திருக்கும்.

உன் தங்கை

*

அக்டோபர் 12

வாலு,

காய்ச்சல் இல்லை. ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை முதல் மணி அடிக்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டேன். உனக்கு எழுதப் பையிலிருந்து தாள்கூட எடுத்தேன். அறிவிப்பின் கடைசி வரியில், வெளி மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இங்கே வந்து எங்கள் ஆசிரியரிடம் தேர்வு எழுத வேண்டும் என்று இருந்தது. நீ வருவாய். முடிவிலிருந்து மேலே போகிற உன் வழியில் கணக்குப் போடுவாய். அவர் முதல் தாளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். அந்த முப்பத்தெட்டுப் பேர் முன்னால் என்னை நிற்க வைத்துக் கேட்பார்.

தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். மாதக் கடைசி வரை தினமும் அந்தப் பலகையைத் தாண்டிப் போனேன் வாலு. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அலுவலகப் பணியாள் அதைக் கழற்றும்போது பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை. உன் கெட்டிக்காரத்தனத்தைச் சட்டை போலப் போட்டுக்கொண்டு நடந்தேன். கழற்றிக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சித்தியிடம் பேசுகிறேன். அடுத்த வருடம் நீ இந்தக் கட்டிலுக்கு வா, நான் வீட்டுக்கு வருகிறேன். முதலாளியிடம் நானே வேலைக்குச் சேருகிறேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். மழையைப் பற்றியும் சித்தியைப் பற்றியும் நானாகச் சேர்த்துப் படித்துக் காட்டினேன். "பாவம், அங்க தனியா கஷ்டப்படறா" என்றாள்.

தேதியை மறந்தது நான்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ எழுதியிருந்தாய், நான்தான் புத்தகத்துக்குள் வைத்து மறந்தேன் என்று. அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தார். பிறகு, "சரி விடு. உனக்கு இஷ்டமில்லேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு மட்டும் எனக்கு அழுகை வந்தது.

ஆசிரியரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் உன்னை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நம் வீட்டில் ஒருத்தியும் படிக்காமல் போய்விடும். அடுத்த வருடம் என்று எழுதியிருக்கிறாய். அப்பா முதலாளிக்குக் கொடுத்த வாக்கு இந்த வருடத்துக்குத்தான். மார்ச்சில் தேர்வு முடிந்த மறுவாரம் நான் அச்சகத்தில் சேருகிறேன். இப்போது அலுவலக நிர்வாகம் எடுத்திருக்கிறேன்.

எட்டாம் பாடத்துக் கணக்குகளை இதோடு வைத்திருக்கிறேன். தலைமையாசிரியை ஃபோன் செய்வதற்கு முன்பே போட்டு முடித்தவை. ஆறாவதை மட்டும் அப்புறம் போடலாம் என்று விட்டிருந்தேன். அதை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். இனி எனக்குக் குறிப்பு அனுப்ப வேண்டாம்.

விடுமுறைக்கு நீ வரும்போது அம்மா முன்னால் எப்போதும் போலவே பேசிக்கொள்வோம். நான் ஏதாவது கிண்டல் செய்வேன், நீ சிரித்துவிடு. பேருந்து நிலையத்துக்கு அப்பா வருவார். எனக்கு அன்றைக்கு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
உன் தங்கை