இருபத்திரண்டு முகங்கள்

பொன்மலை,
10 ஆகஸ்ட் 2025

என் நஜீமா மேடத்துக்கு,

பெண்கள் மதரஸாவுக்கே முதல்வர் ஆகிவிட்டாய், அதனால்தான் மேடம். காலேஜ் ஹாஸ்டலில் என் சோப்பை எடுத்துத் தேய்த்துவிட்டு ஈரத்தோடு திருப்பி வைத்ததெல்லாம் உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது!

வாரா வாரம் உன் மதரஸாவுக்குப் பாடம் நடத்த வந்தாலும், சுற்றிப் பிள்ளைகள் நிற்க உன்னோடு நிம்மதியாக நாலு வார்த்தை பேச வழியில்லை. வாசலிலேயே என் போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். உன்னிடம் இருப்பதோ ஆபீஸ் போன், அதைச் செயலாளரும் எடுத்துப் பார்ப்பார். ஆகக் கடிதமே கதி. ஆட்டோ பீமராவ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பிள்ளைகள் கெட்டிக்காரிகள், நஜீ. ஐந்து வருஷம் அரபி இலக்கணம் படித்ததில், ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைப் போட்டால் செய்தவர் யார், செய்யப்பட்டது எது என்று பட்பட்டென்று சொல்கிறார்கள். என்ன, அரபிப் பழக்கத்தில் வினைச்சொல்லைத் தூக்கி முதலில் வைத்துவிடுகிறார்கள். "போனாள் இக்ரா கடைக்கு" என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு, "தப்பா டீச்சர்? நல்லாத்தானே இருக்கு?" என்று அந்த இக்ராவே என்னைக் கேட்கிறாள். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கச் சொன்னால் திரையின் வலது ஓரத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு விண்ணப்பத்துக்கு செப்டம்பர் பத்து கடைசி நாள். முகம் தெரிகிற போட்டோ ஏற்ற வேண்டும். அன்றைக்கு மட்டும் என் போனை உள்ளே விடச் சொல், நானே எடுத்து, ஆபீஸ் போனுக்கு மாற்றிவிட்டு, என் போனில் இருப்பதை உன் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன். நீ பிள்ளைகளைப் பெற்ற அத்தாமார்களிடம் பேசு.

ஒரு மனக்குறையும் உண்டு. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்புக்கு நீயும் வந்து உட்கார் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். அந்த ஆபீஸ் போனில் எதை அமுக்கினால் யாருக்குப் போகும் என்று உனக்குச் சத்தியமாகத் தெரியாது.

உன் ஷெர்லி


பாலக்கரை,
14 ஆகஸ்ட் 2025

அன்பு ஷெர்லினுக்கு,

இறைவன் உனக்கு நலத்தையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும். சோப்பு விஷயத்தை நீ மறக்கவேமாட்டாயா?

இருபத்திரண்டு அத்தாமார்களிடமும் பேசிவிட்டேன். நாக்கு வறண்டுபோய்விட்டது. போட்டோ என்றதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். இக்ராவின் அத்தா சர்ஃபராஸ் பாய், பெரிய கடைவீதியில் பர்தா கடை வைத்திருப்பவர், "பரீட்சையே வேணாம், பொண்ணை அனுப்பிருங்க" என்றார். நான் வாக்குக் கொடுத்தேன், ஷெர்லி. பரீட்சை அதிகாரிகளைத் தவிர எந்த அந்நிய ஆணின் கண்ணிலும் உங்கள் மகள் முகம் படாது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். ஏற்றுவதற்கு முன்னால் அவரவர் மகள் போட்டோவை அவரவருக்கு மட்டும் காட்ட வேண்டுமென்று கேட்டார்கள். சரி என்றேன்.

அதனால் எடுக்கும்போது தலைத்துணி நெற்றிவரை இருக்கட்டும். கவனம்.

வகுப்புக்கு வரச் சொல்கிறாய். என் மாணவிகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மவுஸ் பிடிக்கப் படித்தால், மறுநாள் யார் என்னை உஸ்தாதா என்று மதிப்பார்கள்? உனக்கு இதெல்லாம் விளையாட்டு.

அன்புடன்,
நஜீமா


பொன்மலை,
24 ஆகஸ்ட் 2025

நஜீ,

என்ன நடந்தது? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை நான் லீவு. அப்பாவின் பட்டா வேலையாக ஸ்ரீரங்கம் தாலுகா ஆபீஸில் சாயந்திரம்வரை நின்றேன். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். நேற்றுக் காலை மதரஸாவுக்கு வந்தால் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "உங்களை உள்ள விட வேணாம்னு உத்தரவுங்கம்மா" என்கிறார். மாடி ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். திரையை இழுத்துவிட்டாய்.

மத்தியானம் செயலாளர் அப்துல் மாலிக் போன் செய்தார். "இருபத்திரண்டு வீட்டு மானத்தையும் சந்தி சிரிக்க வச்சுட்டீங்களேம்மா. உங்களை நம்பித்தானே பிள்ளைங்களை விட்டோம்?" என்றார். போட்டோவெல்லாம் வெளியே போய்விட்டதாம், நான் அனுப்பினேனாம். நான் பேச வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார். என் போனில் ஒரு படம்கூட இல்லை. உன் எதிரில்தானே அழித்தேன்?

உடனே பதில் எழுது.

ஷெர்லின்


பாலக்கரை,
25 ஆகஸ்ட் 2025

ஷெர்லி,

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் உன்னிடம் மறைக்க முடியாது. அனுப்பியது நான்.

அவரவர் மகளை அவரவருக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அத்தாமார்கள் இருபத்திரண்டு பேரும் ஆபீஸ் போனில் ஒரே லிஸ்டில் இருக்கிறார்கள். விடுமுறை அறிவிப்பெல்லாம் அதில்தான் அனுப்புவேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் போகும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அப்படியானால் இருபத்திரண்டு படத்தையும் சேர்த்துப் போட்டால் அவரவர் படம் அவரவருக்குப் போகும் என்று நினைத்துவிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதித்தானே வைத்திருந்தாய். எல்லாப் படமும் எல்லாருக்கும் போய்விட்டது. நான் தொழுகை முடிந்து வருவதற்குள் அவர்கள் பார்த்துவிட்டார்கள். அழித்தேன். என் போனில் மட்டும்தான் அழிந்தது.

அப்துல் மாலிக் பாய் வந்து முதலில் கேட்டதே, "அந்தக் கம்ப்யூட்டர் டீச்சர் பண்ணின வேலைதானே?" என்றுதான். கம்ப்யூட்டர் அறைக்கு நெட் வேண்டுமென்று ஆபீஸ் போனை நீயும் எடுப்பது அவருக்குத் தெரியும். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது கேள். முப்பத்தொன்றாம் தேதி கமிட்டி கூடுகிறது. முதல்வரே வாக்கை மீறினாள் என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டி, விண்ணப்பம் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிடுவார்கள். வெளியிலிருந்து வந்த டீச்சர் தெரியாமல் செய்தது, அவர் போய்விட்டார் என்றால் பரீட்சை தப்பிக்கும். நீ ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. எனக்காக வேண்டாம். பிள்ளைகளுக்காக.

நஜீமா


பொன்மலை,
28 ஆகஸ்ட் 2025

நஜீமா,

இரண்டு நாளாக உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தவறு செய்தது எனக்குப் பெரிதில்லை. யாருக்கும் வரும். அதை என் தலையில் கட்டிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்தாயே, அதுதான் ஆறவில்லை. ஒரு கிறிஸ்தவப் பெண் மதரஸாவுக்குள் போய் முஸ்லிம் பிள்ளைகளின் முகத்தை ஊருக்குக் காட்டினாள் என்றால் அதற்கு என்னென்ன அர்த்தம் வரும் என்று உனக்குத் தெரியாதா? மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்த அப்பாவிடம் ஒருவர் கேட்டிருக்கிறார், "என்ன அற்புதசாமி, உங்க பொண்ணு என்னமோ பண்ணிடுச்சாமே?" என்று. ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஒரு மெமோ வாங்காத மனிதர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. முந்தாநாள் கூப்பிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். இனி இந்த ஊரில் எந்தப் பிள்ளை முன்னால் நான் டீச்சர் என்று நிற்பது?

இருந்தும் எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. நீ கேட்டதுபோலவே "என் கவனக்குறைவால்" என்று போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு பேரும் பரீட்சை எழுத வேண்டும், அதற்காக மட்டும். ஒருத்தி குறைந்தாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்.

ஷெர்லின்


பாலக்கரை,
1 செப்டம்பர் 2025

ஷெர்லி,

கமிட்டி முடிந்தது. பரீட்சைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் வேறொன்று நடந்துவிட்டது. நீ திட்டுவாய். திட்டு.

திரைக்கு இந்தப் பக்கம் நானும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் கமிட்டிக்காரர்களும் அத்தாமார்களும். அப்துல் மாலிக் பாய் உன் கடிதத்தை உரக்கப் படித்தார். "சரி, தப்பு பண்ணினவங்க ஒத்துக்கிட்டாங்க, போயிட்டாங்க. பிள்ளைங்க பரீட்சை எழுதட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்போது என் பக்கத்திலிருந்து இக்ரா எழுந்து, "டீச்சர் அனுப்பலை. அவங்க அன்னிக்கு வரவே இல்லைங்க" என்றாள்.

சர்ஃபராஸ் பாய் மகள் குரலைக் கேட்டு எழுந்து நின்றது திரையில் நிழலாகத் தெரிந்தது. அப்துல் மாலிக் பாய், "என்னங்க உஸ்தாதா, பொண்ணு என்னமோ சொல்லுதே?" என்றார்.

"அது தெரியாமப் பேசுது. டீச்சர் மேல உள்ள பிரியத்துல சொல்லுது" என்றேன். நான்தான் சொன்னேன், ஷெர்லி.

இக்ரா உட்கார்ந்துவிட்டாள். மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும். நீ வராத நாள் அது என்று அவர்களுக்குத் தெரியாதா? ஒருத்தியும் தலைநிமிரவில்லை. வெளியே சர்ஃபராஸ் பாய், "சபையில பொய் சொல்ற பொண்ணுக்குப் பரீட்சை ஒரு கேடா? புதன்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம்.

நான் என்ன செய்வது?

நஜீமா


பொன்மலை,
2 செப்டம்பர் 2025

நஜீமா,

என்ன செய்வதா? என்னைக் கேட்கிறாயா?

என்மேல் பழி போட்டாய். எனக்கு முப்பத்தெட்டு வயது, தாங்கிக்கொண்டேன். பதினாறு வயதுப் பிள்ளை, சபையில் ஒருத்திக்காக எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். அவளை நீ பொய்க்காரி ஆக்கினாய். அவளுக்கு ஓதிக் கொடுத்த உன் வாயாலேயே! இருபத்திரண்டு பேருக்காகக் கையெழுத்துப் போட்டேன். இப்போது இருபத்தொன்று.

நாளை புதன்கிழமை. சர்ஃபராஸ் பாய் வருவதற்குள் நீ சொல்லு. சொல்லாவிட்டால் தாலுகா ஆபீஸில் கொடுத்த மனு ரசீதை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். தேதியும் நேரமும் அதில் இருக்கிறது. கேட்டைத் திறக்காவிட்டால் ரோட்டில் நின்று கத்துவேன். அப்போது உன் மானம் போனால் நான் பொறுப்பில்லை.

பீமராவ் அண்ணனைக் கையோடு அனுப்புகிறேன். பதில் எழுத வேண்டாம். செய்.

ஷெர்லின்


பாலக்கரை,
4 செப்டம்பர் 2025

அன்பு ஷெர்லினுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று சர்ஃபராஸ் பாய் வந்தபோது இக்ரா பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அப்துல் மாலிக் பாயையும் வரவழைத்திருந்தேன். வருகைப் பதிவேட்டை அவர் கையில் கொடுத்து, இருபத்திரண்டாம் தேதிக்கு நேரே உன் பெயரைப் பார்க்கச் சொன்னேன். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க பொண்ணு சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னது நான்" என்றேன்.

சர்ஃபராஸ் பாய் என்னைத் திட்டவில்லை. மகளிடம் போய், "பெட்டியை உள்ள வைம்மா" என்றார். அவ்வளவுதான். இக்ரா பரீட்சை எழுதுகிறாள். பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம் என்று கமிட்டி சொன்னதால் மற்றவர்களும் எழுதுகிறார்கள். உன் மன்னிப்புக் கடிதத்தை அப்துல் மாலிக் பாய் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதோடு வைத்திருக்கிறேன். உன் அப்பாவை நேரில் பார்த்து உண்மையைத் தானே சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார். என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பதினொரு வருஷம்.

இக்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிச்சுட்டேன் உஸ்தாதா" என்று அழுதாள்.

அல்லாஹ்விடமும் கேட்டேன். ஆனால் ஒரு மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் மன்னிக்காமல் அவனும் மன்னிப்பதில்லை. வருஷா வருஷம் நானே நடத்திய பாடம் இது, ஷெர்லி. பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்கிறேன். ஒரு வரி எழுது.

நஜீமா


பொன்மலை,
9 செப்டம்பர் 2025

நஜீ,

அப்துல் மாலிக் பாய் வந்து அப்பாவிடம் உண்மையைச் சொல்லி, என்னைத் திரும்ப வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டுப் போனார். அப்பா அவருக்கு காபி போட்டுக் கொடுத்தார். நேற்று வகுப்புக்குப் போனேன். இருபத்திரண்டு விண்ணப்பமும் ஏற்றியாகிவிட்டது, இக்ராவுடையதை அவளே ஏற்றினாள். கடைசி பட்டனை அமுக்குமுன் மூன்று தடவை படித்துப் பார்த்தாள். உன்னைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள்.

நீ கேட்ட ஒரு வரியை எழுத ஐந்து நாளாக உட்காருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடலாம், ஒரே சொல்தானே. உனக்கும் நிம்மதி. ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை, நஜீ. ராத்திரி படுத்தால் அந்த ஜன்னல்தான் வருகிறது. உனக்காக ஏற்கெனவே ஒரு பொய்க் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று எழுதமாட்டேன்.

எப்போது ஆறும் என்று எனக்குத் தெரியாது. ஆறினால், கடிதம் எழுதமாட்டேன். நேரே உன் வீட்டுக்கு வந்து சொல்வேன். அதுவரை நீ இருக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷெர்லி