மூன்றாவது வீடு

ஆகஸ்ட் 4, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. ஹாங்காங் அரசின் வாடகை வீடு, குவாய் சுங்கில், ஒன்பதாம் மாடி. வேலை செய்யும் கஞ்சிக் கடையில் நின்றபடியே படித்தேன்.

இது மூன்றாவது. இதையும் வேண்டாமென்றால் வரிசையிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். முதல் வீட்டின் கதவு எண்ணில் நான்கு இருந்ததாம், சொன்னால் ‘சாவு’ என்று ஒலிக்கும், ராசியில்லையாம். இரண்டாவதில் சன்னலைத் திறந்தால் இடுகாடாம். எல்லாம் என் கணவன் சியு-ஹோங்கின் திருவாக்கு. விண்ணப்பம் அவன் பெயரில். வெள்ளிக்குள் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 5

வீட்டைப் பார்த்தோம். சன்னல்! மகள் சம்-யீ அதைத் திறந்து திறந்து மூடினாள். நாங்கள் இப்போது வாடகைக்கிருக்கும் இந்தத் தடுப்பறையில் அவள் தலைக்கு மேல் கழிவறைக் குழாய்தான் போகிறது. சுவரெல்லாம் பூஞ்சணம். பிள்ளைக்கு இருமல் நிற்பதேயில்லை.

கிளம்பும்போது காவலாளி சியு-ஹோங்கைத் தனியாகக் கூப்பிட்டான். திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது.

"அந்த வீட்டுல ஒரு பெரியவர் தனியா செத்துக் கிடந்திருக்காரு. ரொம்ப நாள் யாருக்குமே தெரியலயாம்."

ஆகஸ்ட் 6

"பேய் வீட்டுல என் பொண்ணு தூங்கமாட்டா."

"இங்க மட்டும் தூங்குறாளாக்கும்! விடிய விடிய இருமுறா!"

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஃபோங் அக்கா: "உனக்கு வேணாம்னா எனக்குக் குடு தம்பி. பேயாவது வாடகைய ஏத்தாது."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

ஆகஸ்ட் 7

நான் மட்டும் குவாய் சுங்குக்குப் போய், அந்த வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன். "அவரா? தங்கமான மனுஷன். வரிசையில காத்துக் காத்துக் கிழவனான அப்புறம்தான் வீடு கிடைச்சுது. ஒரு வருஷம்கூட முழுசா இருக்கல, பாவம். தினம் அந்தச் சன்னலத் தொடைப்பாரு."

அதை அப்படியே இவனிடம் சொன்னேன். "அவ்வளவு ஆசைப்பட்டவரு வீட்ட விட்டுப் போவாரா?" என்கிறான்.

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வேன்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுந்தபோது அவனைக் காணோம். கைப்பேசியில் கூப்பிட்டும் எடுக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு — கஞ்சியை அடிப்பிடிக்க விட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

மதியம் அவனே கூப்பிட்டான். "போட்டுட்டேன்."

"என்னத்த?"

"கையெழுத்த. ராத்திரி பூரா அவ இருமுறதக் கேட்டுட்டே படுத்திருந்தேன்டி."

பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் அழுதேன்.

ஆகஸ்ட் 21

ஆவிகள் உலவும் ஏழாம் மாதம் பிறக்குமுன் குடிவந்துவிட்டோம். சியு-ஹோங் விளக்கை அணைக்கவே விடமாட்டேன் என்கிறான்.

செப்டம்பர் 5

ஆவிகளுக்குப் படைக்கும் நாள். கீழே எல்லோரும் தகர டின்களில் காகிதப் பணம் எரித்துக்கொண்டிருந்தார்கள்; எரிப்பதெல்லாம் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும். இவன் ஒரு காகித வீட்டையே தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு மாடி, தோட்டம், சுற்றிலும் சன்னல். சன்னல் நிறைய வேண்டுமென்று கடையில் சொல்லிச் செய்தானாம்.

"பெரியவரே, இது உங்க சொந்த வீடு. வாடகையும் இல்ல, வரிசையும் இல்ல. அங்க போய் நல்லா இருங்க."

பற்றவைத்தான். முழுதும் எரியும்வரை நின்றான். பிறகு, எனக்குக் கேட்காது என்று நினைத்து மெதுவாக: "எப்பவாவது சன்னல் ஞாபகம் வந்தா, வந்து பாத்துட்டுப் போங்க."

சம்-யீ இருமாமல் தூங்குகிறாள். இன்று விளக்கை அவனே அணைத்தான்.