இருபதாயிரம் பல்பும் டுவேனின் நீலப் பவளமும்

ஜனவரி 11, 2005, செவ்வாய்

பல்பு மாற்றினேன். பத்தாயிரத்தைக் கழற்றிவிட்டுப் பதினாலாயிரம். பெட்டியில் போட்டிருக்கும் எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும் என்பது வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிர்ப்பவளம் வளர்க்கும் எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். என் வீட்டில் மட்டும் ஏன் பலிக்கவில்லை? தொட்டி முழுக்க நீர்த்த தேநீர் மாதிரி இருக்கிறது. நடுப்பாறையில் உட்கார்ந்திருக்கும் டுவேனின் நீலப் பவளம் பழுப்பாகத் தெரிகிறது.

பவளம் பழுப்பா, பல்பு மஞ்சளா? ஒன்றும் புரியவில்லை.

ஜனவரி 14, வெள்ளி

மீன் வறுவல் சாப்பிட வழக்கம்போல டுவேனோடு போனேன். பாவம், முகமே சரியில்லை. டிசம்பர் உறைமழையில் அவன் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. தொட்டியில் இருந்த அத்தனையும் செத்துப்போனது. பதினொரு வருஷத்துப் பவளங்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அருமையான பவளம் கையில் இருந்தால் ஒரு கிளையை ஒடித்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் தொட்டி அழிந்தால் அவன் திருப்பித் தருவான். டுவேன் அந்த நீலத்தை மூன்று பேருக்குக் கொடுத்தான். மற்ற இருவர் கையில் அது தங்கவில்லை. ஆக, உலகத்தில் மிச்சம் இருப்பது என்னிடம் இருப்பதுதான்.

"என் பிள்ளை எப்படிடா இருக்கான்?" என்று கேட்டான்.

"ஜம்முனு இருக்கான்."

"என் தொட்டியில புதுத் தண்ணி பழகட்டும். ஏப்ரல்ல வந்து ஒரு கிளை எடுத்துக்கறேன்."

ஜம்முனு இருக்கானாம். வாய் கூசாமல் சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 29

புதுப் பல்பு நூறு மணி நேரம் எரிந்தால்தான் அதன் நிறம் நிலைக்கும் என்றார்கள். எரியவிட்டாயிற்று. தேநீர் தேநீராகவே இருக்கிறது. சோக்கு ஒத்துப்போகவில்லை என்றார்கள். சோக்கையும் மாற்றினேன். ம்ஹூம்.

சங்கத்தின் இணையப் பக்கத்தில் படம் போட்டு, இன்னும் நீலமான பல்பு எது என்று கேட்டேன். ஒருவன், "இதுவே மைக்கூடு மாதிரி இருக்கு, இதுக்கு மேல நீலமா? உனக்கென்ன கிறுக்கா?" என்று எழுதுகிறான். அவன் திரை கெட்டுப்போயிருக்க வேண்டும்.

பிப்ரவரி 8

கடையில் ஒரு பெண்மணி இரண்டு டப்பா பெயின்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "தந்த நிறம் கேட்டேன், ஊதா கலந்து குடுத்திருக்கீங்க" என்று சண்டை. பத்தொன்பது வருஷமாக இந்த மேசையில் பெயின்ட் கலக்கிறேன். எனக்குத் தெரியாத தந்த நிறமா? மேலாளர் அவள் பக்கம் பேசினார். சை.

பிப்ரவரி 12, சனி

இருபதாயிரம் வாங்கிவிட்டேன். இதற்கு மேல் எண் கிடையாது. ஏற்றி இருபது நிமிஷத்தில், அப்பாடா, தொட்டி கொஞ்சம் வெள்ளையாயிற்று. மார்ஜீன் மாடியிலிருந்து இறங்கி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன வெர்ன் இது! வீட்டுக்குள்ள போலீஸ் வண்டி நிக்கிற மாதிரி இருக்கு!"

"வெள்ளையாத்தானே இருக்கு?"

"வெள்ளையா? யாருக்கு?"

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷமாக எனக்கு எதிர்ப்பேச்சு பேசியே பழகிவிட்டாள்.

பிப்ரவரி 27

பவளத்தின் அடிப்பக்கம் தோல் உரிந்து எலும்பு தெரிகிறது.

உப்பு சரி. சுண்ணாம்பு சரி. வெப்பம் சரி. தண்ணீரை மூன்று முறை சோதித்துவிட்டேன். பிறகு எதனால்? எதனாலதான்டா சாகிறே நீ?

மார்ச் 5

உரிதல் பாதிவரை ஏறிவிட்டது. டுவேன் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. பல்பு இன்னும் நீலமாக இருக்க வேண்டுமோ? பழுப்பு போகவே மாட்டேன் என்கிறதே.

காலையில் மார்ஜீன் என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு கால்ல கறுப்பு சாக்ஸ், ஒரு கால்ல கருநீலம். போன வாரமும் இப்படித்தான் போட்டே." இரண்டும் கறுப்பு என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

கண்ணுக்கென்ன கேடு? செத்துக்கொண்டிருப்பது பவளம்!

மார்ச் 9

இரண்டு கண்ணிலும் புரை.

டாக்டர் சின்னப் பெண். "ரொம்ப வருஷமா மெதுவா வளர்ந்திருக்கு, அதனால உங்களுக்குத் தெரியலை. கண்ணுக்குள்ளயே மஞ்சள் கண்ணாடி வச்சுப் பார்க்கறீங்க. நீலம் எல்லாம் அதிலேயே நின்னுடும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். அப்படியென்றால் இந்த இரண்டு மாதமும் நான்... இல்லை. இருக்காது. பவளம் பழுப்பானது நிஜம். மார்ஜீனைக் கேட்டேன், அவளும் பழுப்பு என்றுதான் சொல்கிறாள். பின்னே எது என் கண், எது பவளம்? தலை சுற்றுகிறது.

மார்ச் 23

வலது கண் ஆபரேஷன் ஆயிற்று. மார்ஜீன் எழுதுகிறேன். அவனுக்கு வலி இல்லை. பல்பைப் பற்றியே பேசுகிறான்.

மார்ச் 24, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். வாசலில் மிச்சமிருந்த பனி நீலமாக இருந்தது. மார்ஜீனின் கோட்டு பச்சை என்று நினைத்திருந்தேன். அது நீலமாம்.

நேரே தொட்டிக்குப் போனேன். வலது கண்ணால் பார்த்தால் மைக்கூடு. இடது கண்ணால் பார்த்தால் தேநீர். வலது, இடது, வலது, இடது என்று பைத்தியம் மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன்.

இப்போது புரிகிறது. முதலில் பழுப்பு என் கண்ணில்தான் இருந்தது, பவளத்தில் இல்லை. நீலப் பல்பில் பவளத்துக்கு வேண்டிய வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் பவளம் பழுப்பாகும், இது எனக்குத் தெரியாததா? அந்தப் பழுப்பைப் பல்பின் மஞ்சள் என்று நினைத்து, இன்னும் நீலம், இன்னும் நீலம் என்று ஏற்றிக்கொண்டே போனேன். மற்றவனுக்கெல்லாம் புத்தி சொன்ன நானே அதை இருட்டில் போட்டுப் பட்டினியாகக் கொன்றிருக்கிறேன். டுவேனிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

மார்ச் 25

டுவேனிடம் போனில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஜம்முனு இருக்கான் என்று புளுகியதையும் சேர்த்து.

கேட்டுவிட்டு, "பழைய பல்பை இப்பவே மாட்டிடணும்னு கை துறுதுறுக்குமே?" என்றான்.

"கையிலதான் வச்சிருக்கேன்."

"கீழ வைடா மடையா! இருட்டுல கிடந்ததை ஒரேயடியா வெயில்ல தூக்கிப் போட்டா வெந்துடும்."

அரை மணியில் ஜன்னல் கொசுவலைச் சுருளோடு வந்தான். பவளத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நாலு கிளைகளின் நுனியில் விரல் நகம் அளவுக்கு உயிர். மற்றதெல்லாம் எலும்பு. என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். கத்தரிக்கோல் கேட்டான்.

பத்தாயிரத்தை மாட்டி, தொட்டிமேல் ஐந்து மடிப்பு வலை போட்டோம். நாலு நாளைக்கு ஒரு மடிப்பு எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 6

மூன்று நுனி. ஒன்று போய்விட்டது.

ஏப்ரல் 16, சனி

டுவேன் வந்தான். மூன்று நுனிகளையும் அவனே வெட்டினான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்றேன். இரண்டை மட்டும் தண்ணீர்ப் பையில் போட்டான். மூன்றாவதைப் பசை வைத்து என் பாறையிலேயே ஒட்டினான்.

"வேண்டாம்டா. நான் மறுபடியும் கொன்னுடுவேன்."

"மறுபடி கரண்ட் போச்சுன்னா நான் எங்கடா போவேன்? உன் வீட்டுக்குத்தானே வரணும்?" என்றான். சட்டைக் கையெல்லாம் உப்புத் தண்ணீர். துடைத்துக்கொள்ளத் துண்டு கேட்டான்.

அவன் போன பிறகு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அழுதேன்.

மே 4

இடது கண்ணும் ஆயிற்று.

ஜூன் 18, சனி

டுவேன் போன் செய்தான். அவனுடையவை இரண்டும் பாறையைப் பிடித்துக்கொண்டனவாம்.

"உன்னோடது?"

"நுனியில நீலம் வந்திருக்குடா."

"உன் கண்ணுக்கா? போனை மார்ஜீன்கிட்ட குடு."

கொடுத்தேன். அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, தொட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்கும் நீலம்தான் டுவேன்" என்றாள்.